கிளட்ச் இல்லாத கார்

“…பின்னாடி நின்னுக்கிட்டு ‘வரலாம், வரலாம்’னு எவனும் கத்த வேண்டாம் அண்ணாச்சி. அதெல்லாம் புதுசா ஓட்டுறவனுக்கு. எனக்கு இந்த ஒத்தக் கண்ணு போதும்” என்றார் மாமா, வேன் கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு.

போர்மேன் சிரித்தார். வண்டியைப் பின்னால் எடுக்கும்போது சத்தம் கொடுப்பதற்காக வந்து நின்ற லோடுமேனிடம், “நீ போய் உன் சோலியப் பாருப்பா. இவன் எம்புட்டுச் சுத்தமா ஓட்டுறான்னு நேத்து நானே கண்ணால பாத்துட்டேன்” என்றார்.

நேற்று அவர் பார்த்தது, எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் மாமா ஓட்டிய கார்.

என் வயசுச் சோட்டு ஆட்களே, வெள்ளெழுத்துக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு இதை வாசிக்கிறவர்களே, உங்களுக்கும் அந்தக் காலம் மறந்திருக்காது. முதுகு உப்பிய மானிட்டர். உள்ளே போனால் உறுமி உறுமிச் சுற்றுகிற சி.டி. ஆட்டம் நடுவில் நின்றால் சி.டி.யை எடுத்துப் பாவாடையில் துடைத்துத் திரும்பப் போடுவோம். இப்போது என் மகன் ஆடுகிற கார் ஆட்டத்தில் மழைத்துளி கண்ணாடியில் வழிந்து இறங்குகிறது, வெயில் முகத்தில் அடிக்கிறது. “வாம்மா, ஒரு ரேஸ் போடுவோம்” என்று கூப்பிடுவான். எனக்கு வேலை கிடக்கிறது என்பேன். ஏன் என்று அவனிடம் சொன்னதில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. நாரணாபுரம் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் லோடு வேன் ஓட்டினார். கல்யாணம் ஆகவில்லை, எங்களோடுதான் இருந்தார். எனக்குப் பதினோரு வயது. என்னை ‘மருமகளே’ என்றுதான் கூப்பிடுவார். கூப்பிடும்போது வெட்கமாக இருக்கும், கூப்பிடாவிட்டால் கோபமாக இருக்கும்.

பட்டாசு லோடு ஓட்டுகிறவரின் ஓட்டு தனி. குலுக்கக் கூடாது, வெடுக்கென்று பிரேக் போடக் கூடாது. “என் வண்டியில தண்ணி நிறைஞ்ச தம்ளரை வச்சுட்டு எம். புதுப்பட்டி வரைக்கும் வாங்க. ஒரு சொட்டு சிந்தினா நான் லைசன்ஸைக் கிழிச்சுப் போடுதேன்” என்பார். யாரும் தம்ளர் வைத்துப் பார்த்ததில்லை. ஆனால் எல்லோரும் நம்பினார்கள்.

அந்த வருஷம் தீபாவளி முடிந்து, கம்பெனியில் மிச்சம் கிடந்த கழிவு வெடிமருந்தைக் குழியில் கொட்டி எரித்தார்கள். மாமாவுக்கு அங்கே வேலையே இல்லை. வண்டியை நிறுத்திவிட்டு, பீடிக்கட்டை வெளியே வைத்துவிட்டு வரச் சொன்னதால் போரடித்துப்போய், சும்மா எட்டிப் பார்த்திருக்கிறார். ஒரு துணுக்கு. மிளகுத் தண்டிதான் இருந்திருக்கும் என்று அம்மா சொல்வாள். இடது கண் போயிற்று. அம்மா நர்ஸ். தன் ஆஸ்பத்திரியிலேயே தம்பிக்குக் கட்டுப் போட வேண்டி வந்தது. அழாமல் போட்டாள். வீட்டுக்கு வந்து வெங்காயம் உரித்தாள். சமைக்கிற வேலை எதுவும் இல்லாத நேரம் அது. ஒரு கூடை வெங்காயத்தையும் உரித்து முடித்தாள்.

கட்டு அவிழ்த்த பிறகு மாமா கம்பெனிக்குப் போய் வேனைக் கேட்டார். போர்மேன் நல்ல மனுஷர். ஆனாலும் முடியாது என்றார். “கோவிச்சுக்கிடாத தம்பி. மருந்து லோடு. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்லுவேன்? கேட்ல வாட்ச்மேன் வேலை இருக்கு, வந்து உக்காரு.” மாமா திரும்பி வந்தார். “நான் உக்காந்திருக்க, எவனோ ஒருத்தன் என் வண்டிய ஓட்டிட்டுப் போவான். நான் எந்திரிச்சு அவனுக்குக் கேட்டைத் திறந்து விடணும். அதுக்கு அந்தக் குழியிலயே விழுந்திருக்கலாம்” என்றார். அம்மா அவர் வாயிலேயே ஒன்று போட்டாள். ஒரு மாசம் அவர் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. முகம் மழிக்கவில்லை. வேன் சத்தம் தெருவில் கேட்டால், எந்த வேன், எந்த கியரில் போகிறது என்று சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்வார்.

அப்போதுதான் கம்ப்யூட்டர் வந்தது.

அப்பாவுக்கு சிவகாசியில் ஒரு ஆப்செட் பிரஸ்ஸில் வேலை. முதலாளி மகன் படிக்க வெளியூர் போனதும், அவன் ஆடித் தள்ளிய பழைய கம்ப்யூட்டரை அப்பாவிடம் கொடுத்தார்கள். கூடவே ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள் பிளாஸ்டிக் ஸ்டீரிங், காலுக்கு இரண்டு பெடல், கார் ஆட்ட சி.டி. ஸ்டீரிங்கின் அடியில் இருந்த பிடிப்பு உடைந்திருந்தது. அப்பா அதை எங்கள் இஸ்திரி மேஜையில் நான்கு ஸ்குரூ வைத்து முடுக்கினார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் மடிப்புக் கலையாத சட்டை போட்டதில்லை.

அந்த ஆட்டம் குழந்தைகளுக்கானது இல்லை. நிஜக் கார் எப்படி ஓடுமோ அப்படியே ஓட வேண்டும் என்று யாரோ உயிரைக் கொடுத்துச் செய்தது. நானும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் ஆக்சிலேட்டரை அமுக்கிப் பிடிப்போம். முதல் வளைவிலேயே கார் பம்பரம் மாதிரி சுற்றிப் போய்ச் சுவரில் மோதும். இரண்டு நாளில் எங்களுக்கு வெறுத்துவிட்டது. மூன்றாம் நாள் கட்டிலில் படுத்திருந்த மாமா, “ஏ மருமகளே, என்ன ஓட்டுற நீ? பிரேக்கை வளைவுக்குள்ள போட்டா சுத்தத்தான் செய்யும். முன்னாடியே போட்டு முடிச்சிரணும்” என்றார். “பேசுறீகள்ல, வந்து ஓட்டுங்க” என்றேன். வந்து உட்கார்ந்தார்.

முதலில் அவர் கேட்டது, “ஹாரன் எங்கன இருக்கு?”

ஹாரன் இல்லை. மாமாவுக்குத் தாங்கவில்லை. “ஹாரன் இல்லாம என்னத்த வண்டி? ஒரு ஆடு இல்ல, ஒரு டவுன் பஸ் இல்ல, குறுக்க ஒரு சைக்கிள் இல்ல. கல்யாண மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கி, உள்ள வண்டி ஓட்டுற மாதிரில்ல இருக்கு?” ரோட்டின் இரண்டு பக்கமும் வேடிக்கை பார்க்கிற கூட்டத்தை வரைந்து வைத்திருந்தார்கள். மாமா காரை மெதுவாக அதன் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தார். “அம்புட்டும் அட்டை. கை தட்டுறாக, ஆனா ஒருத்தருக்கும் முதுகு இல்ல பாரு” என்று சிரித்தார். கண் போன பிறகு அவர் சிரித்து அன்றைக்குத்தான் கேட்டோம். அடுப்படியில் அம்மா குழம்புக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள்.

அதன் பிறகு தினமும் ஓட்டினார். காலையில் முகம் மழித்து, சட்டை போட்டு, தலை சீவித்தான் ஸ்டீரிங் முன்னால் உட்காருவார். நான் பக்கத்தில் முக்காலி போட்டு உட்காருவேன்.

“மருமகளே, இதைச் செஞ்சவன் வண்டி ஓட்டித் தேஞ்ச ஆளு. பிரேக்கைப் போட்டதும் காருக்கு மூக்கு குனியுது பாத்தியா? பின்னாடி கனம் கொறைஞ்சிரும். இந்நேரம் ஸ்டீரிங்கை ஒடிச்சோம்னா வாலைச் சுத்தும்.” ஒடித்துக் காட்டுவார். சுற்றும். டயர் சூடேறினால் பிடிப்பதும், தேய்ந்தால் வழுக்குவதும், மழை பெய்த ரோட்டில் காரைத் தாலாட்டிக்கொண்டு போக வேண்டியதும், எல்லாவற்றையும் அந்த ஆட்டம் அறிந்து வைத்திருந்தது. முதல் நாலு சுற்றில் எல்லாக் காரும் மாமாவை முந்திப் போகும். அவர் தன் லோடு வண்டி ஓட்டையே ஓட்டுவார். ஆறாவது சுற்றில் மற்ற கார்களின் டயர் தேய்ந்து தடுமாறும்போது, இவர் ஒவ்வொன்றாகத் தாண்டி வருவார். பத்தாவது சுற்றில் முதல் ஆளாக வந்து நிற்பார். நான் குதிப்பேன். அவர், “லோடு பத்திரமா வந்து சேந்துருச்சு” என்பார்.

குறைகளையும் சொல்லிக்கொண்டே இருப்பார். ஸ்டீரிங்கில் உயிர் இல்லை. நிஜ வண்டியில் ரோடு என்ன சொல்கிறது என்று கைக்குத் தெரியும், இது செத்த பாம்பு என்பார். பெடல் இரண்டுதான், கிளட்ச் கிடையாது. ஆனால் கியர் மாற்றும் ஒவ்வொரு தடவையும் அவருடைய இடது கால் வெறும் சிமெண்டுத் தரையை அமுக்கி அமுக்கி எடுக்கும். அந்த இடத்தில் தரை கொஞ்சம் பளபளத்தே போயிற்று.

மோதினால் கார் நசுங்கும், ஒரு பட்டனைத் தட்டினால் திரும்பப் புதுசாக வந்து நிற்கும். அந்தப் பட்டனை மாமா ஒரு நாளும் தொட்டதில்லை. “செத்தவன் எந்திரிச்சு வந்தா அதுக்குப் பேரு வேற” என்பார். மோதிய அன்றைக்கு அணைத்துவிட்டு எழுந்துவிடுவார். மறுநாள்தான் மறுபடி.

இதற்கு நடுவே வேறொன்றும் வீட்டில் நடந்துகொண்டிருந்தது. செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினால் மாமா தம்ளருக்கு இந்தப் பக்கமே ஊற்றுவார். சட்டையை மாட்டப் போனால் ஆணிக்கு முன்னாலேயே கையை விடுவார், சட்டை கீழே விழும். உடம்பில் தெம்பு இல்லை, கை நடுங்குகிறது என்று அம்மா முட்டையும் பாலும் கொடுத்தாள். தூரத்தில் தொங்கிய காலண்டரில் தேதிக்குக் கீழே இருக்கிற பொடி எழுத்தை வாசிக்கச் சொன்னாள். கடகடவென்று வாசித்தார். “கண்ணு நல்லாத்தான் இருக்கு” என்றாள். நானோ, அவர் ஊற்ற ஆரம்பித்ததும் தம்ளரைத் தண்ணீருக்கு அடியில் நகர்த்திவிடப் பழகியிருந்தேன். யாரும் அதைக் கவனிக்கவில்லை. மாமாவே கவனிக்கவில்லை.

ஒரு நாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, மாமாவுக்கு எப்படி இருக்கும் என்று பார்க்க, இடது கண்ணில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு காரை ஓட்டினேன். ஒரு வித்தியாசமும் இல்லை. ரோடு அப்படியேதான் தெரிந்தது. வளைவு அப்படியேதான் வந்தது. ஓடிப்போய் எல்லோரிடமும் சொன்னேன். “ஒத்தக் கண்ணுலயும் அப்படியேதாம்மா இருக்கு! ஒண்ணுமே கொறையல!”

அப்பா உடனே ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்து ஓட்டினார். அவரும், “ஆமாடே, புள்ள சொல்றது சரிதான்!” என்றார். அம்மா வேலைக்குப் போகிற உடுப்போடு ஒரு கண்ணை மூடி ஸ்கிரீனைப் பார்த்தாள். பிறகு மாமாவின் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணினாள். இருபது வருஷம் நர்ஸாக இருந்தவள்.

அந்தச் சேதியைத் தூக்கிக்கொண்டு அப்பாதான் போர்மேனிடம் போனார். அந்தக் கம்பெனிக்கு லேபிள் அடித்தது அப்பாவின் பிரஸ். லேபிள் மாதிரியைக் காட்டப் போனவர், “என் மாப்ள ஓட்டுறதை ஒரு தடவை வந்து பாருங்க அண்ணாச்சி. நெச வண்டிக்கும் அதுக்கும் ஒரு இம்மி வித்தியாசம் கிடையாது. பாத்துட்டு வேண்டாம்னா வேண்டாம்” என்று கூப்பிட்டுவிட்டு வந்தார்.

கோடை லீவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாங்கள் கோயில் முடிந்து வந்தோம். போர்மேன் வாழைப்பழச் சீப்போடு வந்தார். “வாங்க, வாங்க, சாப்பிட்டீகளா?” என்று அம்மா கறிக்குழம்பு ஊற்றினாள். சாப்பிட்ட கையைத் துடைத்துக்கொண்டு அவரே முதலில் ஸ்டீரிங்கைப் பிடித்துப் பார்த்தார். பதினைந்து வருஷம் டி.வி.எஸ். பிப்டி ஓட்டியவர். முதல் வளைவிலேயே சுவரில் சாத்தினார். “ஏயப்பா, இது சாமானியப்பட்ட வண்டி இல்லப்பா” என்று எழுந்து மாமாவுக்கு இடம் விட்டார்.

மாமா பத்துச் சுற்று ஓட்டினார். ஓரத்துக் கல்லைக்கூட உரசவில்லை. மின்விசிறிக்குக் கீழே போர்மேனுக்கு வேர்த்தது. கடைசிச் சுற்றில், “பாத்துலே, பாத்துலே, இடதுல ஒருத்தன் வாரான்!” என்று கத்தினார். முடிந்ததும் கைகுலுக்கினார். “இதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கணும்? நாளைக்குக் காலையில வா. வண்டிய எடு” என்றார். மாமாவின் இடது கால் அப்போதும் தரையை அமுக்கியபடியே இருந்தது.

வேறு ஒரு டிரைவராக இருந்தால், போர்மேன் முதலில் காலி மைதானத்தில் இரண்டு கல்லை நட்டு, வண்டியை ஒடித்துத் திருப்பிப் பின்னால் எடுக்கச் சொல்லியிருப்பார். அதுதான் அங்கே வழக்கம். மாமாவுக்கு அது வேண்டாம் என்று முடிவு பண்ணியதற்குக் காரணம் அந்தப் பத்துச் சுற்று.

போன வருஷம் எனக்குக் கண்ணாடி போட டாக்டரிடம் போனேன். பேச்சோடு பேச்சாக மாமாவின் ஒற்றைக் கண்ணைப் பற்றிக் கேட்டேன். அந்த டாக்டரம்மாவுக்குச் சின்ன வயசு. ஒரு பேனாவை என் முகத்துக்கு முன்னால் நிமிர்த்திப் பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் நுனியை விரலால் சட்டென்று தொடச் சொன்னார். என் விரல் பேனாவுக்கு முன்னாலேயே நின்றுவிட்டது. “பக்கத்துல இருக்கிற பொருள் எவ்வளவு தூரம்னு ரெண்டு கண்ணும் சேர்ந்துதான் அளக்கும்” என்றார். ஸ்கிரீன் என்பது தட்டை. அதில் யாருக்குமே தூரம் கிடையாது, ஒரு கண்ணுக்கும் இரண்டு கண்ணுக்கும் ஒரே படம்தான். கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு நான் கண்டுபிடித்தது, ஆட்டத்தின் குறையை. நாங்கள் அதை மாமாவின் நிறைவு என்று எடுத்துக்கொண்டோம்.

டாக்டர் இன்னொன்றும் சொன்னார். ஒற்றைக் கண்ணோடு வண்டி ஓட்டுகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். தலையை அப்படியும் இப்படியும் அசைத்து அசைத்துத் தூரத்தை அளக்க அவர்கள் பழகிக்கொள்வார்களாம். சில மாசம் பிடிக்குமாம். அந்தச் சில மாசத்தில்தான் மாமா ஸ்கிரீன் முன்னால் தலையை அசைக்காமல் உட்காரப் பழகினார். அங்கே தலையைத் திருப்பினால் தெரிவது எங்கள் வீட்டுச் சுவர்தான். நடை பழக வேண்டிய ஆளை நாங்கள் எல்லோரும் சேர்ந்து, கை தட்டிக்கொண்டு, நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறோம்.

இதை யாரிடம் போய்ச் சொல்ல? அம்மா இல்லை. மாமாவும் இல்லை. வேனை எடுத்த அந்த நாளுக்குப் பிறகு, இருந்தவரைக்கும் அவர் ஒரு மாட்டுவண்டியைக்கூடத் தொடவில்லை. ஆட்டோவில் ஏறினால் கண்ணை மூடிக்கொள்வார். சாத்தூரில் ஒரு குடோன் கேட்டில் வாட்ச்மேனாக உட்கார்ந்திருந்து போய்ச் சேர்ந்தார். வேன் வந்தால் எழுந்துபோய்க் கேட்டைத் திறந்து விட்டார். அந்த ஸ்டீரிங் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. இஸ்திரி மேஜையில் நான்கு ஓட்டை மட்டும் இருந்தது.

அந்தத் திங்கட்கிழமைக்கு வருகிறேன். நானும் வருவேன் என்று அடம் பிடித்து, மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு போயிருந்தேன். போர்மேன் என்னைக் கேட்டுக்கு உள்பக்கமாக நிறுத்தி, “இங்கனயே நில்லு தாயி” என்றார்.

எதிரே வெயிலில் பட்டாசு காய வைக்கிற சிமெண்டு மேடை. மேடை முழுக்க மூங்கில் தட்டுகள், தட்டு நிறையக் குருவி வெடி. பெண்கள் உட்கார்ந்து வெடிகளைப் புரட்டிவிட்டுக்கொண்டிருந்தார்கள். மேடைக்கு மூன்று ஆள் தூரத்தில் தரையில் ஒரு சுண்ணாம்புக் கோடு. எந்த வண்டியானாலும் அந்தக் கோட்டில் நின்றுவிட வேண்டும். அங்கிருந்து தட்டுகளைக் கையில் சுமந்து வந்துதான் ஏற்றுவார்கள்.

மாமா வேனில் ஏறினார். வேன் பின்னால் நகர்ந்தது. ஒரு குலுக்கல் இல்லை, தண்ணீர் மாதிரி வந்தது. முன்பெல்லாம் வண்டியைப் பின்னால் எடுக்கும்போது அவர் ஜன்னலுக்கு வெளியே இடுப்பு வரைக்கும் சாய்ந்து பார்ப்பதை நான் பார்த்திருக்கிறேன். அன்றைக்குக் கழுத்து நேராக இருந்தது. பக்கத்துக் கண்ணாடியை மட்டும் பார்த்தார். கண்ணாடியும் தட்டைதான். கோடு சக்கரத்துக்குக் கீழே போயிற்று. நிறுத்துவார் என்று நினைத்தேன். போர்மேனும் அப்படித்தான் நினைத்திருப்பார், வாயைத் திறக்கவில்லை. வேன் அதே பதவிசோடு வந்தது. ஓரத்தில் உட்கார்ந்திருந்த பெண் காலை இழுத்துக்கொண்டு பின்னால் சாய்ந்தாள்.

வேனின் இடது மூலை மேடையில் இடித்தது. பெரிய சத்தம்கூட இல்லை. ஓரத்துத் தட்டுகள் ஐந்தாறு சரிந்தன. வெடிகள் வேனுக்கு அடியிலும் சக்கரத்தைச் சுற்றியும் கொட்டின.

பட்டாசுக் கம்பெனியில் சரக்கு கீழே விழுந்தால் யாரும் கத்த மாட்டார்கள். மூச்சை நிறுத்திக்கொண்டு காது கொடுப்பார்கள். அத்தனை பேரும் அப்படி நின்றார்கள். காக்கை கத்தியது. இன்ஜின் அணைந்தது.

ஒன்றும் பற்றவில்லை.

மாமா இறங்கினார். மேடையைப் பார்த்தார், கோட்டைப் பார்த்தார். போர்மேன் மெதுவாக, “சரி, விடுப்பா. பொம்பளையாளுக பாத்துக்கிடுவாக. நீ வா இங்கிட்டு” என்றார். அவர் குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாமா போகவில்லை. செருப்பைக் கழற்றித் தள்ளி வைத்தார். சாவியை வேன் சீட்டில் போட்டார். ஒரு காலித் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு, சக்கரத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சிந்திய வெடிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். அவருடைய விரல்கள் வெடிக்கு ஒரு விரற்கடை முன்னாலேயே காற்றில் கூடி மூடின. திறந்தன. இன்னும் கொஞ்சம் நீண்டு, தரையைத் தடவி, வெடியைத் தொட்டு எடுத்துத் தட்டில் வைத்தன. அடுத்ததற்கும் அப்படியே, முன்னாலேயே மூடின.